ஒட்சிசனும் ஆக்சிஜனும்

தலவாக்கலை, இலங்கை

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய விஞ்ஞான சஞ்சிகை செவ்வாய்க்கிழமைதான் கிடைத்தது. மழையில் அட்டை ஊறி உப்பியிருந்தது. அடுப்படியில் காயவைத்துவிட்டுத்தான் பிரித்தோம்.

தேயிலை எப்படிக் கறுக்கிறது என்ற உன் கட்டுரையை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். முப்பது வருடம் கொழுந்து பறித்தவள் அவள். பறித்த பிறகு அதற்கு என்ன ஆகிறது என்று ஒருநாளும் நான் அவளுக்குச் சொன்னதில்லை. தொழிற்சாலையில் இலையை உருட்டி நசுக்கும் ரோலருக்குப் பக்கத்திலேயே காலத்தைக் கழித்தவன் நான்!

எனக்கும் முழுதாகத் தெரியாதுதான். 'பெர்மென்டேஷன்' என்று சொல்லிப் பழகியதால், தோசை மா புளிப்பதைப் போல என்றே நினைத்திருந்தேன். மதுவத்துக்கு, அதாவது ஈஸ்டுக்கு, அங்கே வேலையே இல்லை என்று நீ எழுதிய பிறகுதான் விளங்கியது. ரோலரில் இலையின் கலங்கள் நசுங்க, தனித்தனியாக இருந்த பொலிபீனோல் என்ற இரசாயனப் பொருளும், வினையைத் தூண்டும் நொதியமும் ஒன்றாகி, காற்றின் ஒட்சிசனோடு சேர்கின்றன. நாங்கள் செய்தது ஒட்சியேற்றம்.

படித்து முடிப்பதற்குள் அம்மா கேட்டாள்: "கத்தரிக்காயை வெட்டினதும் கறுக்காமல் இருக்கத் தண்ணீரில் போடுகிறோமே, அதுவும் இதனால்தானா?" ஐந்தாம் வகுப்போடு நின்றவள் கேட்ட கேள்வி. கட்டுரையை நீ அங்கிருந்து தொடங்கியிருக்க வேண்டும். ஆரம்பத்திலேயே தியாபிளேவின் என்ற பெயரைப் போட்டுப் பிள்ளைகளை மிரட்டிவிட்டாய். கோப்பையில் தெரியும் அந்தப் பொன்னிற மினுக்கம் அதனால் வருவது என்று ஒரு வரி சேர்த்தால் என்ன?

இன்னொரு குறை, வாசத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பச்சை வாசம் மெல்லப் போய்ப் பழ வாசம் வரும். இலையும் செப்பு நிறமாகும். அந்தப் பதத்தில் சூட்டில் போட்டு நொதியத்தை நிறுத்தாவிட்டால் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கர் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்.

ஏழாம் வகுப்பில் நீ படித்தபோது தமிழ்நாட்டிலிருந்து வந்த சஞ்சிகைகளை அட்டனில் வாங்கித் தருவேன். "ஆக்சிஜன் என்றால் ஒட்சிசனா அப்பா?" என்று கேட்டாய். பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் நீயே ஒரு பட்டியல் போட்டாய். செல்லுக்குக் கலம், எலக்ட்ரானுக்கு இலத்திரன், வேதியியலுக்கு இரசாயனவியல். அந்தக் கொப்பி இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. உங்கள் ஆசிரியர் குழுவிடம் சொல், ஒரு சொல் முதல்முறை வரும்போது இரண்டு வடிவத்தையும் போடட்டும். கடலுக்கு இரண்டு பக்கத்திலும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அடுத்த முறை பருப்பைப் பற்றி எழுது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். அங்கே சித்தி வீட்டுப் பருப்பு வேகாததற்கு அம்மா இத்தனை நாளும் சித்தியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரண்டு பிரதிகள் அனுப்பு. வந்ததை மேல் லயத்து வீட்டுப் பையன் கொண்டுபோய்விட்டான், திரும்பி வரும் என்று தோன்றவில்லை.

அப்பா