சாப்பாடு மேஜைக்கு வந்த பெறகுதான் பாட்டில் வரும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

ரெண்டு வாரம் முன்னாடி உங்க ஞாயித்துக்கிழமை பேப்பர்ல வாசகர் ஒருத்தர் எழுதியிருந்தார், போலந்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் போற நம்ம பசங்க வோட்கா குடிச்சே கெட்டுப் போறாங்க, அந்த ஊர்ல உருளைக்கிழங்கையும் சாராயத்தையும் விட்டா வேற ஒன்னும் கெடையாதுன்னு. அத மொதல்ல படிச்சது நான் இல்ல, அருப்புக்கோட்டைல இருக்குற எங்க அம்மா, படிச்ச கையோட எனக்கு போன் பண்ணிட்டாங்க. "ஏப்பா, அங்க எல்லாரும் தண்ணியிலயே கெடக்காங்களாமே, நீ பொறந்தநாளுக்குக் குடிச்சியா?"ன்னு நேராவே கேட்டாங்க. நான் மறைக்கல, ஆமாம்மா மூணு கிளாஸ் குடிச்சேன், ஆனா அன்னைக்கு என்னெல்லாம் சாப்பிட்டேன், யார் யார் கூட உக்காந்து சாப்பிட்டேன்னு அதையும் கேளுங்கன்னு சொன்னேன். அந்த போன் ஒரு மணி நேரத்துக்கு மேல போச்சு. அம்மாகிட்ட சொன்னதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா அந்தக் கடிதத்தப் படிச்சுட்டு இன்னும் எத்தன அம்மாங்க தூக்கம் வராம கெடக்காங்களோன்னு மனசு கேக்கல.

நான் கிராக்கோவ்ல இருக்கேன், ஆறு வருஷம் ஆச்சு. வெளிநாட்டுக் கம்பெனிங்களுக்குக் கணக்கு பாக்குற ஆபீஸ்ல வேலை, அந்த மாதிரி ஆபீஸ் இந்த ஊர்ல நெறைய, அதனால நம்ம பசங்களும் இங்க கணிசமா இருக்காங்க. போன மாசம் எனக்கு 40 முடிஞ்சுது. இங்க பொறந்தநாள்காரன்தான் மத்தவங்களுக்கு விருந்து வைக்கணும், ஆபீஸ்ல கூட நம்ம பொறந்தநாளுக்கு நாமதான் கேக் வாங்கிட்டுப் போய் வச்சுட்டு எல்லாரையும் கூப்பிடணும். சரி ஒரு ரெஸ்டாரண்ட்ல டேபிள் சொல்லிடுவோம்னு இருந்தேன், ஆனா கூட வேலை பாக்குற பொண்ணு ஒன்னு, எனக்குத் தங்கச்சி மாதிரி, அது விடல, நாப்பதுன்னா அது வீட்லதான், எங்க பாப்சியா சமைப்பாங்கன்னு ஒரே பிடி. பாப்சியான்னா பாட்டி. வயசு எம்பதுக்கு மேல, நோவா ஹூத்தால பழைய பிளாக்ல இருக்காங்க, அந்த எடம் 1949ல இரும்பாலைக்காக புதுசா கட்டுன ஊரு, இப்ப கிராக்கோவோட ஒரு பகுதி, அவங்க வீட்டுக்காரர் அந்த ஆலையில வேலை பாத்து ரிட்டயர் ஆனவர், இப்ப இல்ல.

வேலை வியாழக்கெழமையே ஆரம்பிச்சிருச்சு. ஸ்தாரி க்ளெபாஷ்னு ஊருக்கு நடுவுல ஒரு பழைய சந்தை, பாட்டி என்னையும் கூட்டிட்டுப் போனாங்க, பை தூக்க. அங்க பெரிய பெரிய பீப்பால புளிக்க வச்ச முட்டைக்கோஸ், பக்கத்துல போனாலே பழைய சோத்துத் தண்ணி புளிச்ச மாதிரி ஒரு வாசம், எனக்கு அது பிடிக்கும். காஞ்ச காளான நூல்ல கோத்து சரம் சரமா தொங்க விட்டிருக்காங்க, நம்மூர்ல பூக்கடைல மல்லிச்சரம் தொங்குற மாதிரி. பாட்டி கோச வெரலால எடுத்து வாயில போட்டுப் பாத்து, இது வேணாம், அடுத்த பீப்பா, இதுவும் வேணாம்னு மூணாவதுலதான் வாங்குனாங்க. அதெல்லாம் பிகோஸ் செய்ய. புளிச்ச கோஸ், பச்சைக் கோஸ், ரெண்டு மூணு விதக் கறி, சாசேஜ், காளான், கொஞ்சம் ஒலந்த பிளம் பழம் எல்லாம் ஒரே பானையில போட்டு சின்னத் தீயில மணிக்கணக்கா வேக வைப்பாங்க, ராத்திரி பால்கனி குளிர்ல வச்சு எடுத்து மறுநாள் திரும்ப அடுப்புல ஏத்துவாங்க, அதுக்கு மறுநாளும் அப்படித்தான். மூணாம் நாள்தான் ருசியே வருமாம். மீன் கொழம்பு மறுநாள்தான் நல்லாருக்கும்னு தெரிஞ்ச நமக்கு இத யாரும் வெளக்க வேணாம்.

சனிக்கெழமை காலைல பியெரோகி. இதப் பத்தி நான் கொஞ்சம் நிறுத்தி எழுதணும். மைதாவுல உப்பு, கொஞ்சம் எண்ணெய், கை பொறுக்குற சூட்டுல தண்ணி விட்டு பெசஞ்சு ஒரு கிண்ணத்தக் கவுத்து மூடி அர மணி நேரம் விட்டாங்க. உள்ள வைக்குறதுக்கு மசிச்ச உருளைக்கிழங்கு, த்வாருக்னு ஒரு பால்கட்டி (நம்ம பனீர உதுத்து விட்டு லேசா புளிப்பு ஏத்துனா எப்படி இருக்கும் அப்படி), பொன்னெறமா வதக்குன வெங்காயம், மெளகுத்தூள் தூக்கலா. மாவ மெல்லிசா தேச்சு, டம்ளர் வாயால வட்டம் வட்டமா வெட்டி, நடுவுல வச்சு மடிச்சு ஓரத்த அழுத்தணும். கொதிக்குற தண்ணில போட்டா கீழ போய்ட்டு வெந்ததும் தானா மெதந்து வரும். நான் அழுத்துன மொத பத்து தண்ணிக்குள்ள வாயப் பொளந்துருச்சு. பாட்டி ஒன்னும் சொல்லல, என் கையப் பிடிச்சு விரல வச்சுக் காட்டுனாங்க, அப்பதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு, தீபாவளிக்கு அம்மா சோமாஸ் ஓரத்த சின்னச் சின்னதா மடிச்சு முறுக்கிட்டே போவாங்களே, அதே மாதிரி பண்ணேன், ஒன்னு கூட பிரியல. பாட்டி அத வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சுப் பாத்துட்டு இது யார் சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டாங்க. எங்க அம்மான்னு சொல்றப்ப எனக்கு தொண்டை கட்டிக்கிச்சு. 120 செஞ்சோம்.

இந்த உருளைக்கிழங்கு பியெரோகிக்கு பேரு பியெரோகி ருஸ்கியே, ரஷ்யான்னு நெனச்சுக்காதீங்க, ருஸ்ங்குறது இன்னைக்கு மேற்கு உக்ரைனா இருக்குற பழைய நாட்டுப்பக்கம். 2022ல போர் ஆரம்பிச்ச பெறகு நெறைய ஹோட்டல்ல மெனுவுல பேரையே உக்ரைன் பியெரோகின்னு மாத்திட்டாங்க. சைவக்காரங்களுக்கு இன்னொரு விஷயம், கடைல இதுக்கு மேல பன்றிக்கொழுப்பு வறுவல் தூவித் தருவாங்க, வேணாம், வெண்ணெய்ல வதக்குன வெங்காயம் போதும்னு முன்னாடியே சொல்லிடணும். எங்க கூட்டத்துல கோயம்புத்தூர்ப் பையன் ஒருத்தன் சுத்த சைவம், அவனுக்குன்னு பாட்டி தனிச் சட்டியில வெங்காயம் வதக்குனாங்க, கோஸும் காளானும் வச்ச பியெரோகி முப்பது தனியா எடுத்து வச்சாங்க, அடை மாதிரி உருளைக்கிழங்க துருவிச் சுட்டாங்க. அவன் எங்க எல்லாரையும் விட அதிகமா சாப்பிட்டான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு பதினோரு பேர் வந்தாச்சு. வாசப்படிக்கு இந்தப் பக்கம் நின்னுகிட்டு யாருக்கும் கை குடுக்கக் கூடாது, உள்ள வந்துதான் குடுக்கணும். பூவுன்னா ஒத்தப்படைலதான், ரெட்டைப்படைன்னா அது சாவு வீட்டுக்கு. கோயம்புத்தூர்த் தம்பி பத்து ரோஜா கேட்டிருக்கான், பூக்கார அம்மாவே ஒன்ன எடுத்துட்டு ஒம்போதா கட்டிக் குடுத்துச்சாம். நாம மொய் நூறு வைக்காம 101 வைக்கிறோமே, அதத்தான் சொன்னேன், எல்லாருக்கும் பளிச்சுன்னு புரிஞ்சுது.

இப்ப வோட்காவுக்கு வரேன், ஏன்னா கடிதம் எழுதுனவரோட கோவமே அதுமேலதான். மேஜைல மொதல்ல வந்தது ரொட்டி, எண்ணெய்லயும் வெங்காயத்துலயும் ஊறுன ஹெர்ரிங் மீன் (நம்ம மத்திக்கு ஒன்னுவிட்ட சொந்தம்), பூண்டும் சதகுப்பையும் போட்டு உப்புத்தண்ணில புளிக்க வச்ச வெள்ளரிக்கா, பன்றிக்கால் வேகவச்சு ஜெல்லி மாதிரி ஒறைஞ்சது. எல்லாரும் உக்காந்து எல்லார் தட்டுலயும் ஏதாவது விழுந்த பெறகுதான் பாட்டி ஃப்ரீசர்லேந்து பாட்டில எடுத்துட்டு வந்தாங்க. 40 சதவீதம் இருக்குறதால வீட்டு ஃப்ரீசர்ல அது ஒறையாது, நல்லெண்ணெய் மாதிரி கெட்டியா ஆகும், பாட்டில் மேல பனி படிஞ்சு கை ஒட்டுது. ஐஸ் கெடையாது, சோடா கெடையாது, கோலா கெடையாது. சின்னக் கிளாஸ், 50 மில்லி, எல்லாருக்கும் ஊத்துற வரைக்கும் யாரும் தொடக் கூடாது, அப்பறம் கண்ணப் பாத்து "நா ஸ்த்ரோவியே"ன்னு சொல்லணும், ஆரோக்கியத்துக்குன்னு அர்த்தம், ஒரே மடக்கு, ஒடனே ஒரு துண்டு மீனு. அந்தத் துண்டுக்கு ஸகொன்ஸ்கான்னு தனியா பேரே இருக்கு. அடுத்த கிளாசுக்கு அர மணி நேரம் ஆச்சு, ஏன்னா நடுவுல பிகோஸ் வந்துச்சு, பியெரோகி வந்துச்சு, ஷுரெக் சூப் வந்துச்சு, அது ரைங்குற கோதுமை மாதிரி ஒரு தானியத்தோட மாவ நாலஞ்சு நாள் புளிக்க வச்சு முட்டையும் வெள்ளை சாசேஜும் போட்டுக் காய்ச்சுறது. வயித்துல கொழுப்பும் மாவும் இருந்தா ஆல்கஹால் ரத்தத்துல மெதுவாத்தான் ஏறும், அவங்க பழக்கத்துல அது எப்படியோ பதிஞ்சு போச்சு.

வோட்காங்குற வார்த்தையே போலிஷ்ல வோடாங்குற வார்த்தையோட செல்லப் பேரு, வோடான்னா தண்ணி. நாமளும் தண்ணின்னுதான சொல்றோம்னு அன்னைக்கு நான் சொன்னேன், ஒரு நிமிஷம் மேஜையே அமைதியாகி அப்பறம் எல்லாரும் "தண்ணி, தண்ணி"ன்னு சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க, அந்த ராத்திரி முழுக்க பாட்டில் பேரு தண்ணிதான்.

பதினோரு பேர்ல நாலு பேர் தொடவே இல்ல. ரெண்டு பேர் கார் எடுத்துட்டு வந்தவங்க, இங்க ஒரு லிட்டர் ரத்தத்துல 0.2 கிராம் வந்துட்டாலே குத்தம், யாரும் அவங்கள ஒரு கிளாஸ்தானன்னு கெஞ்சல. அவங்களுக்கு கொம்போட், ஆப்பிளும் பிளம்மும் போட்டுக் காய்ச்சி ஆற வச்ச தண்ணி, அதையும் அதே சின்னக் கிளாஸ்ல ஊத்தி அதே மாதிரி கண்ணப் பாத்து சொன்னாங்க. அப்பறம் எல்லாரும் எந்திரிச்சு நின்னு "ஸ்தோ லாத்" பாடுனாங்க, நூறு வருஷம்னு அர்த்தம், நூறு வருஷம் நல்லா இருப்பான்னு நம்ம பெரியவங்க தலையில கை வச்சு சொல்றது அப்படியே இங்க பாட்டா இருக்கு. பாட்டிக்கு பொறந்தநாள விட இமியெனினிதான் பெருசு, காலண்டர்ல ஒவ்வொரு நாளுக்கும் சில பேருங்க போட்டிருக்கும், நம்ம பேரு வர்ற நாள்தான் நம்ம நாள். என் பேரு அதுல எங்க இருக்கப் போகுது. எங்க ஊர்ல தேதிக்கு ஒரு பொறந்தநாள், நட்சத்திரத்துக்கு ஒரு பொறந்தநாள், எங்க அம்மா நட்சத்திரத்துக்குத்தான் கோயில்ல அர்ச்சனை பண்ணுவாங்கன்னு சொன்னேன். அப்ப அதுதான் சரியான நாள், அந்தத் தேதியச் சொல்லு, எழுதிக்கிறேன்னு பேனா எடுத்துட்டாங்க, வருஷா வருஷம் மாறும்னு வெளக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு, ஆனா விடல, அடுத்த வருஷத்துக்கு அம்மாகிட்ட கேட்டு சொல்லணுமாம்.

கடைசியா அவங்க கையால ஊறப் போட்ட செர்ரி நலெவ்கா, அதாவது பழத்த சாராயத்துல ஊற வச்சு எடுக்குற மது, கைப்பெருவெரல் அளவு கிளாஸ்ல. அப்பதான் பழசெல்லாம் பேசுனாங்க. 1981 டிசம்பர் 13ல ராணுவச் சட்டம் வந்த காலம், எல்லாத்துக்கும் ரேஷன் அட்டை, வோட்கா கூட ஆளுக்கு மாசம் அர லிட்டர்தான், 1982ல வந்த சட்டப்படி மத்தியானம் 1 மணிக்கு முன்னாடி கடைல விக்கவும் கூடாது. இவங்க தன்னோட வோட்கா அட்டையக் குடுத்துட்டு காப்பித்தூள் வாங்கிக்குவாங்களாம். வீட்டுக்காரருக்கு நாப்பது வந்தது அந்த சமயத்துலதானாம், மேஜைல ஒரே ஒரு பாட்டில், பன்னெண்டு பேர், ஆனா ரொட்டியும் ஊறுகாயும் உருளைக்கிழங்கும் எல்லாருக்கும் இருந்துச்சுன்னு சொல்லிட்டு மேஜைத் துணிய கையால நீவி விட்டுக்கிட்டே இருந்தாங்க.

ஐயா, இங்க குடிப் பிரச்சனையே இல்லன்னு நான் சொல்ல வரல, அது பொய். மௌப்கின்னு, குட்டிக் குரங்குன்னு அர்த்தம், கைக்குள்ள அடங்குற சின்ன பாட்டில், காலைல வேலைக்குப் போற வழியில அத வாங்கி ஓரமா நின்னு குடிச்சுட்டுப் போறவங்கள நான் கண்ணாலப் பாத்துருக்கேன், மனசு கஷ்டமா இருக்கும். 2021லேந்து அந்த மாதிரி 300 மில்லி வரைக்குமான பாட்டிலுக்கு தனி கட்டணம் போட்டிருக்காங்க. கிராக்கோவ்ல 2023 ஜூலை 1லேந்து ராத்திரி 12 மணிலேந்து காலைல அஞ்சரை வரைக்கும் கடைல மது விக்கக் கூடாது. நானும் வந்த மொத வருஷம் பிப்ரவரில, புதுசாப் பழகுன பசங்களோட ஒரு பார்ல, வெறும் வயித்துல, அவங்களுக்கு சமமா அஞ்சு கிளாஸ் அடுத்தடுத்து அடிச்சேன். டிராம் ஸ்டாப்ல பனியில உக்காந்துட்டேன், குளிரே தெரியல, அதுதான் ஆபத்து, குடிச்சா ஒடம்பு சூடா இருக்குற மாதிரி தெரியும் ஆனா உள்சூடு வேகமா வெளிய போய்கிட்டு இருக்கும். நான் சொன்ன அந்தத் தங்கச்சிதான் போன் பண்ணிப் பாத்து தேடி வந்து என்னத் தூக்கிட்டுப் போச்சு, அன்னைக்கு அது வரலன்னா நான் இந்தக் கடிதம் எழுத இருந்திருப்பேனான்னு தெரியல. இங்க வர்ற தம்பி தங்கச்சிங்களுக்கு அதத்தான் சொல்றேன், சாப்பிடாம தொடாதீங்க, குளிர்காலத்துல தனியா நடக்காதீங்க, வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, நல்லவங்க யாரும் கோச்சுக்க மாட்டாங்க.

ஆனா அந்த வாசகர் பார்க்குற குடியும் நான் உக்காந்த பந்தியும் ஒன்னு இல்ல, ரெண்டையும் ஒரே வரியில போட்டு ஒரு ஊரையே கொற சொல்றது தப்பு. ஆறு வருஷமா எனக்கு சோறு போட்ட ஊரு இது. முடிஞ்சா இத அதே பக்கத்துல போடுங்க.

கெளம்புறப்ப பாட்டி ஐஸ்கிரீம் டப்பால மிச்ச பியெரோகிய அடுக்கி, நடுநடுவுல வெண்ணெய் தடவி குடுத்து விட்டாங்க. அத வீடியோ கால்ல அம்மாகிட்ட காட்டுனேன். போன ஞாயித்துக்கெழமை அம்மா வீட்ல பனீர் வாங்கி, கொஞ்சம் தயிர் விட்டுப் பெசஞ்சு செஞ்சு பாத்தாங்களாம், கூட ரெண்டு பச்சமொளகாயும் கிள்ளிப் போட்டாங்களாம். ஓரம் ஒன்னு கூட பிரியலையாம், அத பாப்சியாகிட்ட மறக்காம சொல்லச் சொன்னாங்க.

இப்படிக்கு,
உங்க பேப்பர அம்மா மூலமா படிக்கும் வாசகன்,
கிராக்கோவ், போலந்து