முடிவு வருமுன் எழுதி வை

அன்பு மகளுக்கு,

கால்நடை டாக்டரான பிறகும் மருந்தளவை இன்னும் புத்தகத்தைப் பார்த்துத்தான் போடுகிறேன் என்று போனில் கூச்சப்பட்டாய். பார்த்தே போடு, கண்ணு. 12 கிலோ நாய்க்கு மெலாக்சிகாம் என்ற வலி மருந்து ஊசி முதல் நாள் கிலோவுக்கு 0.2 மி.கி. என்றால் மொத்தம் 2.4 மி.கி. மில்லிக்கு 5 மி.கி. உள்ள மருந்தில் அது 0.48 மில்லி. அலுத்த நேரத்தில் தசமப் புள்ளி ஓரிடம் தள்ளினால் 4.8 மில்லி, குடலும் சிறுநீரகமும் தாங்காது. எடை, மி.கி., மில்லி மூன்றையும் தனித்தனி வரியில் எழுதிக்கொள்.

அதோடு ஒரு நோட்டும் வைத்துக்கொள். ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே, இது என்ன நோய், எதை வைத்து அப்படி நினைக்கிறாய் என்று எழுதிவிடு. முடிவு வந்தபிறகு எழுதினால், முன்பே தெரிந்திருந்ததுபோல மனசு கதை கட்டிக்கொள்ளும். மூன்றாம் நாள் மாட்டுக்காரருக்கு நீயே போன் பண்ணு. திரும்பி வராத மாடு குணமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. செத்திருக்கலாம், வேறு டாக்டரைக் கூப்பிட்டிருக்கலாம்.

கன்று போட்ட மறுநாள் படுத்துவிட்ட பசுவை எடுத்துக்கொள். கழுத்தை விலாப்பக்கம் மடக்கிக் கிடக்கிறது, காது சில்லிட்டிருக்கிறது, மூஞ்சி வறண்டிருக்கிறது. பால் காய்ச்சல், அதாவது ரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது என்று எழுதுவாய். (பெயரில்தான் காய்ச்சல், உடம்புச் சூடு பெரும்பாலும் இறங்கித்தான் இருக்கும்.) கால்சியம் போரோகுளூக்கோனேட் பாட்டிலை வெதுவெதுப்பாக்கி, 10 முதல் 20 நிமிடம் எடுத்துக்கொண்டு சிரையில் மெதுவாக ஏற்று. ஸ்டெதஸ்கோப் காதிலேயே இருக்கட்டும். துடிப்பு தாளம் தப்பினால் உடனே நிறுத்து. வேகமாக ஏறும் கால்சியம் இதயத்தையே நிறுத்திவிடும். சரியாக ஏறினால் தசை நடுங்கும், ஏப்பம் வரும், சாணம் போடும், மூஞ்சியில் ஈரம் அரும்பும்.

எழவில்லை என்றால்தான் உண்மையான படிப்பு ஆரம்பம். இன்னொரு பாட்டிலைத் தேடித்தான் கை போகும். அதற்கு முன் நாலு காம்பையும் பீய்ச்சிப் பார். கடுமையான மடிநோயும் மாட்டைப் படுக்கவைக்கும். இடுப்பு மூட்டு நழுவியிருக்கிறதா, பின்னங்காலைக் கிள்ளினால் இழுத்துக்கொள்கிறதா, பாஸ்பரஸ் குறைந்திருக்கிறதா என்று பார். உடம்பின் பாரம் அழுத்தி, அடியில் அகப்பட்ட தொடைத் தசை சில மணி நேரத்திலேயே ரத்த ஓட்டமில்லாமல் கெட ஆரம்பிக்கும். அப்புறம் கால்சியம் சரியானாலும் மாடு எழாது. வைக்கோலைக் கனமாகப் பரப்பி, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை புரட்டிப் போடச் சொல். எழுந்த மாடும் ஓரிரு நாளில் மறுபடி படுக்கலாம், அதையும் சொல்லிவிட்டே கிளம்பு.

அறுவையில் உனக்குப் பயம் இருப்பது நல்லதுதான். பெட்டை நாய்க் கருத்தடையில், கொழுப்பு மண்டிய சூலகக் காம்பை (சூலகத்துக்கு ரத்தக்குழாய் போகும் தண்டை) இழுத்துப் பிடித்துக் கட்டும்போது முதல் முடிச்சு தளரும். தளராமல் இறுகிப் பிடிக்கும் மில்லர் முடிச்சை ஸ்பாஞ்சுத் துண்டில் கட்டிக் கட்டிக் கைக்குக் கொண்டுவா. வயிற்றைத் தைப்பதற்கு முன், வலப்பக்கம் டியோடினத்தையும் (சிறுகுடலின் முதல் பகுதி) இடப்பக்கம் இறங்கு பெருங்குடலையும் தூக்கி மற்றக் குடலை ஒதுக்கிவிட்டு, கட்டிய இரண்டு சூலகக் காம்பிலும் ரத்தம் கசிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடு. அவசரம் என்று ஒருநாளும் இதைத் தாண்டாதே.

அடுத்த முறை வரும்போது அந்த நோட்டைக் கொண்டு வா. கணிப்பு தப்பிய பக்கங்களை முதலில் பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா