செல்ஃப் சுற்றுகிறது, வண்டி எடுக்கவில்லை

அன்புள்ள மகளுக்கு,

நேற்று போனில் நீ பேசியதில் பாதிதான் காதில் விழுந்தது. பின்னால் யாரோ உன் பைக்கின் செல்ஃபை, அதாவது ஸ்டார்ட் பட்டனை, விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அந்தச் சத்தமே எனக்குப் பாதி விஷயத்தைச் சொல்லிவிட்டது. இஞ்சின் இழுவையில்லாமல் சுற்றுகிறது, பிடிக்கத்தான் மாட்டேன் என்கிறது. ஆகவே ஸ்டார்ட்டர் மோட்டாரைக் குறை சொல்ல வேண்டாம்.

முதலில் அந்தப் புண்ணியவானைப் பட்டனிலிருந்து கையை எடுக்கச் சொல். ஒரு தடவைக்கு ஐந்து விநாடி போதும். அப்புறம் பத்துப் பதினைந்து விநாடியாவது விட வேண்டும். விடாமல் அழுத்தினால் மோட்டார் சூடேறும், பேட்டரி இறங்கும், ஒரு கோளாறு இரண்டாகிவிடும். தள்ளி ஸ்டார்ட் பண்ணலாம் என்று யாராவது கிளம்பினால் அவர்களுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிடு. செல்ஃப் சுற்றாத வண்டிக்குத்தான் தள்ளுவது வைத்தியம். நன்றாகச் சுற்றும் இஞ்சினைத் தள்ளியும் சுற்றவைப்பதில் என்ன வந்துவிடப்போகிறது?

சின்ன விஷயங்களை முதலில் பார்த்துவிடு. இஞ்சினை நிறுத்தும் கில் சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா? பல வண்டிகளில் அது ஆஃபில் இருந்தால் செல்ஃபே வேலை செய்யாது. சிலவற்றில் செல்ஃப் சுற்றும், கரண்ட் மட்டும் பெட்ரோலைப் பற்றவைக்கும் பிளக்குக்குப் போகாது. பெட்ரோல் முள்ளை நம்பாதே, டேங்க் மூடியைத் திறந்து கண்ணால் பார். திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால், மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைத்திருக்கிறது என்று பொருள். அப்படியானால் டேங்க் நிறைய இருந்தாலும் பெட்ரோல் இறங்காது. டேங்குக்குக் கீழே இருக்கும் பெட்ரோல் காக்கை, அதாவது பெட்ரோலைத் திறந்து மூடும் திருகியை, ரிசர்வுக்குத் திருப்பிப் பார்.

உன் தோழியின் வண்டி எஃப்ஐ, அதாவது கார்புரேட்டர் இல்லாமல் பெட்ரோலைப் பீய்ச்சும் வகை. அதற்கு இந்தக் காக்கும், குளிர்ந்த இஞ்சினுக்குப் பெட்ரோல் கலவையைக் கூட்டும் சோக்கும் கிடையாது. அதில் சாவியைப் போட்டவுடன் பெட்ரோல் பம்ப் இரண்டு மூன்று விநாடி முனகும். அந்த முனகல் கேட்காவிட்டால் ஃபியூஸையும் பம்பையும் பார்க்க வேண்டும். வண்டி கீழே சாய்ந்த பிறகு எடுக்கவில்லை என்றால், நிமிர்த்திவிட்டுச் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உன் வண்டிக்கு வருகிறேன். பல மாதம் ஓட்டாமல் நிறுத்தி வைத்த கார்புரேட்டர் வண்டி என்பதால் என் சந்தேகம் எல்லாம் பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் அந்தக் கார்புரேட்டர் மேல்தான். நின்ற பெட்ரோல் ஆவியாகிப் பிசின் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உள்ளே பெட்ரோல் வரும் சின்னக் குழல், பைலட் ஜெட், அதன் துளை ஊசி முனையளவுதான். அடைக்க அதிக நேரம் ஆகாது. ஆனாலும் சந்தேகத்தை நம்பி யாரும் கார்புரேட்டரைக் கழற்ற விடாதே. முதலில் பிளக்கைக் கேள்.

கொஞ்ச நேரம் செல்ஃப் அடித்த கையோடு பிளக்கைக் கழற்று. இஞ்சின் சூடாக இருந்தால் ஆறட்டும். கழற்றுமுன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடை, உள்ளே விழுந்தால் தொல்லை. பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால், பெட்ரோல் வருகிறது, பற்றத்தான் இல்லை. உலர்ந்து கிடந்தால் பெட்ரோலே வரவில்லை. கரி பிடித்துக் கறுப்பாக இருந்தால், பெட்ரோல் அதிகம் அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு. நிறுத்தி வைத்த வண்டியின் ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் எலி குடித்தனம் நடத்துவதும் உண்டு, திறந்து பார்த்துவிடு.

நனைந்த பிளக் என்றால் சோக்கை ஆஃப் செய்துவிடு, பெட்ரோல் காக்கை மூடு, பிளக்கைத் துடைத்துக் காயவிட்டு மாட்டு. ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகிப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடி. தேங்கிய பெட்ரோல் வெளியேறிப் பிடித்துக்கொள்ளலாம். பிடித்த உடனே ஆக்சிலரேட்டரை விட்டுவிடு, அலறவிடாதே.

அதற்கும் பிடிக்கவில்லையா, பொறி வருகிறதா என்று பார். பிளக்கை அதன் ஒயர் முனையில் இருக்கும் கேப்பில் செருகி, அதன் இரும்பு உடல் இஞ்சினில் நன்றாகப் படும்படி வை. கழற்றிய துளைக்குப் பக்கத்தில் வைக்காதே. அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீறிட்டு வரும், தீப்பிடித்துவிடும். பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம். ரப்பர் பிடியுள்ள குறடால் பிடி, வெறும் கையால் தொடாதே. செல்ஃப் அடிக்கும்போது நீலநிறப் பொறி சடசடவென்று வந்தால் நல்லது. மங்கலாக மஞ்சளில் வந்தாலோ வரவே இல்லை என்றாலோ புதுப் பிளக் போட்டுப் பார், அப்புறம் கேப், பொறிக்கு மின்சாரம் தரும் காயில், ஒயர் எல்லாவற்றையும் பார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: செல்ஃப் சுற்றும் அளவுக்குப் பேட்டரியில் தெம்பு இருக்கும், ஆனால் அந்த இழுப்பில் வோல்ட் 10க்குக் கீழே இறங்கிப் பொறி வராமல் போகும். அப்போது பிளக்கை மாட்டிவிட்டுக் கிக்கரில் உதைத்தால் எடுத்துவிடும். கிக்கருக்குப் பிடித்தால் பேட்டரியைச் சார்ஜ் போடு, வேறெதையும் தொடாதே.

பிளக் உலர்ந்திருந்து, பொறியும் நன்றாக இருந்தால், நான் முதலில் சொன்ன சந்தேகம்தான். கார்புரேட்டர் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்திப் பழைய பெட்ரோலைப் பாட்டிலில் இறக்கு. டேங்கில் இருப்பதும் பழசுதானே, அதையும் மாற்று. புதுப் பெட்ரோலுக்கும் மசியவில்லை என்றால் ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய மெக்கானிக்கிடம் கொடு. கம்பி விட்டுக் குத்த வேண்டாம் என்று சொல், துளை பெரிதாகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தும் பிடிக்காமல், செல்ஃப் வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுவது போல் தெரிந்தால், வால்வோ பிஸ்டன் ரிங்கோ இஞ்சினுக்குள் இருக்கும் அமுக்கத்தைக் கசியவிடுகிறது. அது நம் கையில் இல்லை, மெக்கானிக் வேலை.

புதுப் பிளக் வாங்கினால் பழசின் மேல் இருக்கும் அதே எண்ணைப் பார்த்து வாங்கு. முதலில் விரலாலேயே கடைசிவரை திருகு. மறை குறுக்கே ஏறினால் அலுமினிய ஹெட் போய்விடும். விரலுக்கு நின்ற பிறகு ஸ்பானரால் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கையே மாட்டினால் அதிலும் குறைவு.

அன்புடன்,
அப்பா