இடது சக்கரத்துக்கு மோட்டார்

எல்லீஸ் நகர், மதுரை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, பேரன் எல்லோரும் நலம்தானே?

எனக்கு மோட்டார் வண்டி பார்த்து போன வாரம் நீ போனில் அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். "இதுல எது வேணும்னு மட்டும் சொல்லுங்கப்பா, வாங்கி அனுப்பிடுறேன்" என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. கையால் சுற்றி ஓட்டுகிற இந்த மூணு சக்கர சைக்கிளில் 26 வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். உன்னை மடியில் வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட வண்டி இது. அதில் மோட்டார் மாட்டுவதைப் பற்றி மூன்று மாதமாக யோசித்து, நாலு பேரிடம் கேட்டு, ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். அதை முழுதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் என் தோள். இடது கையில் ஸ்டியரிங் கம்பி, வலது கையில் கிராங்க், அதாவது வண்டியை ஓட்டச் சுற்றுகிற கைப்பிடி. இத்தனை வருடமும் சுற்றியது வலது தோள் ஒன்றுதான். இப்போது காலையில் சட்டை போடவே அந்தக் கை மேலே வர மறுக்கிறது. டாக்டரிடம் போனேன். போலியோ வந்து முப்பது நாற்பது வருடம் கழித்து, அதுவரை நன்றாக இருந்த தசைகூடப் புதிதாகத் தளர ஆரம்பிப்பது உண்டாம். போலியோவில் செத்துப்போன நரம்புகளின் வேலையையும் மிச்சமிருந்த நரம்புகளே இழுத்துப்போட்டுச் செய்து வந்திருக்கின்றன, இத்தனை காலம் கழித்து அவையும் களைத்துப்போகின்றன என்று விளக்கினார். "வலிக்கிற வரைக்கும் சுற்றாதீங்க. அதுக்காகச் சுற்றாமலே உட்கார்ந்துடவும் கூடாது" என்றார். எந்த மோட்டார் வேண்டும் என்பதை எனக்கு முடிவு செய்து கொடுத்தது இந்த இரண்டு வாக்கியம்தான். கிராங்க் இருக்க வேண்டும். என்னால் முடியாத இடத்தில் மட்டும் மோட்டார் சேர வேண்டும்.

இதை வைத்துத்தான் உன் படங்களைப் பார்த்தேன்.

பக்கத்துச் சக்கரம் வைத்த பெட்ரோல் ஸ்கூட்டர் நல்ல வண்டிதான். அதில் ஓடியாடி வேலை பார்க்கிறவர்களை தினமும் பார்க்கிறேன். ஆனால் நம் வீட்டுத் திண்ணையும் சைக்கிள் சீட்டும் ஒரே உயரம் என்பது உனக்குத் தெரியும். யாரையும் கூப்பிடாமல் நகர்ந்து உட்கார்ந்துவிடுவேன். ஸ்கூட்டரில் ஏற ஒவ்வொரு முறையும் அம்மா வந்து பிடிக்க வேண்டும். அவளுக்கும் முழங்கால் வலி. இரண்டாவது படம், சென்னை ஐஐடியில் உருவான நியோபோல்ட். 2021-ல் அது வந்த செய்தியைப் படித்தபோதே எனக்கு அவ்வளவு சந்தோஷம். சக்கர நாற்காலிக்கு முன்னால் மாட்டினால் ரோட்டில் மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகிற வண்டியாக மாறிவிடும். வீட்டுக்குள்ளும் வெளியிலும் ஒரே நாற்காலியில் இருக்கிறவர்களுக்கு அதைவிட நல்லது இல்லை. எனக்குத்தான் அது பொருந்தாது, கையால் சுற்ற அதில் எதுவும் இல்லை.

மூன்றாவதுதான் நீயும் மாப்பிள்ளையும் மனதில் வைத்திருந்தது என்று நினைக்கிறேன், முன் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிற ஹப் மோட்டார் கிட். பார்க்க அழகு. முன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் அரை நாளில் வேலை முடிந்துவிடும். சத்தமும் கிடையாது. எனக்கும் முதலில் அதுதான் பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு நாள் நம் வண்டியைப் பழைய பேப்பர் கடைக்குக் கொண்டுபோய், நான் மேலே உட்கார்ந்திருக்க, முன் சக்கரத்தை மட்டும் அவர்கள் தராசில் ஏற்றி நிறுத்தச் சொன்னேன். 24 கிலோ காட்டியது. வண்டி 40, நான் 64, மொத்தம் 104 கிலோ. அதில் முன் சக்கரத்தின் மேல் இருப்பது கால்வாசிகூட இல்லை. மேட்டில் ஏறும்போது பாரம் இன்னும் பின்னால் சாயும். காய்ந்த ரோடு என்றால் சமாளித்துவிடும். மழை பெய்து ஓரத்தில் மணல் படிந்திருக்கும்போது நம் எல்லீஸ் நகர் பாலத்தில் அந்தச் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். இது வெறும் ஊகம் இல்லை. இதே மாதிரி கிட் மாட்டிய நண்பர் ஒருவரின் வண்டியை வாங்கி மழைக்கு மறுநாள் ஏறிப் பார்த்தேன். பாதி மேட்டில் வழுக்கியது. பின்னால் பஸ்காரர் ஹார்ன் அடிக்க, முன்னே போகவும் முடியாமல் பின்னே வரவும் முடியாமல் நின்ற அந்த ஒரு நிமிடம் போதும் எனக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதன் அச்சு எதிர்ப்பக்கம் திரும்பப் பார்க்கும். அச்சைப் பிடித்திருப்பது, முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற போர்க்கின் நுனியில் இருக்கிற மெல்லிய தகடு மட்டும்தான். அதே நண்பருக்கு ஒரு நட்டு தளர்ந்து, அச்சு சுழன்று, உள்ளே போகிற ஒயரெல்லாம் முறுக்கி அறுந்துபோயிற்று. அச்சைப் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு இரும்புப் பட்டை போட்டால் இது நடக்காது. அதைப் போடாமலே மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். போர்க் நன்றாக இருந்து, எடையும் முன்னால் விழுகிற வண்டி என்றால் நானே ஹப் மோட்டாரைத்தான் சொல்வேன். நம்முடையது அப்படி இல்லை.

சரி, நான் தேர்ந்தெடுத்தது எது என்று சொல்கிறேன். 24 வோல்ட், 250 வாட், கியர் வைத்த சாதாரண டிசி மோட்டார். உள்ளே உரசிக்கொண்டே கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் உள்ள பழைய வகை. சீட்டுக்குக் கீழே ஒரு தகடு வெல்டிங் வைத்து அதில் உட்காரும். அங்கிருந்து ஒரு செயின் இடது பின் சக்கரத்துக்குப் போகும். என் கிராங்க் செயின் போவது வலது பின் சக்கரத்துக்கு. இடது சக்கரம் இத்தனை வருடமும் வேலையில்லாமல் சும்மா உருண்டுகொண்டிருந்தது.

மாப்பிள்ளை "பிரஷ் இல்லாத மோட்டார்தானே இப்போ எல்லாரும் போடறாங்க மாமா?" என்று கேட்பார். உண்மைதான். அது கரண்டை மிச்சப்படுத்தும், பிரஷ் தேயும் கவலையும் இல்லை. ஆனால் அதற்கு மூன்று தடித்த ஒயர், அதற்குமேல் ஐந்து மெல்லிய சென்சார் ஒயர். அதில் ஒன்று விட்டுப்போனாலும் வண்டி உதறும், அல்லது நின்றுவிடும். என் மோட்டாருக்கு இரண்டே ஒயர். பிரஷ் தேய்ந்தால் மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்க்கிற நம் தெருக்காரரே மாற்றித் தருவார். என் கடையைத் திறக்கிற நேரத்தில் வண்டி நின்றுபோனால் எனக்கு அன்றைக்கு நாளே போயிற்று. பக்கத்தில் சரிசெய்ய ஆள் இருக்கிற பொருள்தான் எனக்கு வேண்டும்.

250 வாட் போதுமா என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மேம்பாலத்தின் சரிவை முப்பது அடிக்கு ஓரடி ஏற்றம் என்று வைத்துக்கொள். பேட்டரி, மோட்டார், கடைச் சாமான் எல்லாம் சேர்த்து 120 கிலோவை அதில் மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏற்ற ஏறக்குறைய 125 வாட் வேண்டும். செயினிலும் கியரிலும் போகிற நஷ்டத்தைச் சேர்த்தாலும் 180-க்குள் அடங்கிவிடும். சமதளத்தில் அதே வேகத்துக்கு 40 வாட் போதும். அந்த நாற்பதை, கொஞ்சம் மெதுவாகப் போனால் என் கையே இன்னும் தரும். பாலத்தின் 125-ஐ அது இனிமேல் தராது.

வேகத்தைப் பல்சக்கரத்தில் கட்டிப்போட்டிருக்கிறேன். மோட்டாரில் 9 பல், சக்கரத்தில் 28 பல். மோட்டார் கியரிலிருந்து நிமிடத்துக்குச் சுமார் 280 சுற்று வெளியே வருகிறது, சக்கரத்தில் அது 90 ஆகிவிடும். 26 அங்குலச் சக்கரத்துக்கு மணிக்கு 11 கிலோமீட்டர் சொச்சம். சக்கரத்தில் 18 பல் போட்டால் 17 வரை போகலாம் என்று மெக்கானிக் தம்பி ஆசை காட்டினார். வேண்டாம் என்றேன். பல் குறைந்தால் இழுவையும் குறையும். அதோடு இந்த வண்டி உயரமானது, வளைவில் வேகமாகத் திரும்பினால் உள்பக்கச் சக்கரம் தூக்கிக்கொள்ளும். பதிவும் லைசென்சும் தேவையில்லாத மின்சார சைக்கிளுக்கு 250 வாட்டுக்குள், 25 கிலோமீட்டருக்குள் என்று விதி இருக்கிறது. அது இரண்டு சக்கர வண்டிக்கு எழுதியது. ஆனாலும் அந்த அளவைத் தாண்டக் கூடாது என்று நானே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

சக்கரத்துப் பல்லில் ஃப்ரீவீல், அதாவது ஒரு திசையில் மட்டும் பிடிக்கிற பல்சக்கரம், போட்டிருக்கிறது. அதனால் மோட்டாரை அணைத்துவிட்டுக் கையால் மட்டும் சுற்றும்போது மோட்டார் இடையில் வந்து இழுக்காது. இதில் ஒரு குறையும் உண்டு, மோட்டாரை வைத்து ரிவர்ஸ் எடுக்க முடியாது. ரிவர்ஸ் வேண்டுமானால் ஃப்ரீவீலை எடுக்க வேண்டும். எடுத்தால் பேட்டரி தீர்ந்த அன்று மோட்டாரையும் சேர்த்து நான்தான் கையால் சுற்ற வேண்டும். இரண்டில் ஒன்று என்று வந்தபோது கைக்கு லேசாக இருப்பதை எடுத்துக்கொண்டேன்.

மோட்டார் மாட்டுவதற்கு முன்பே பிரேக் வேலையை முடித்துவிட்டேன். முன் சக்கரத்தில் இருந்த ரப்பர் பிரேக் ஒன்றை நம்பி இத்தனை காலம் பாலம் இறங்கியதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது. வலது பின் சக்கரத்தில் பேண்ட் பிரேக் போட்டாயிற்று. மேட்டில் நிறுத்தினால் உருளாமல் இருக்க ஒரு பூட்டும் உண்டு. பிரேக் பிடியைத் தொட்டதும் மோட்டாருக்குக் கரண்ட் நின்றுவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை, யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய இரண்டு பழைய பேட்டரியைக் கட்டி ஓட்டிப் பார்த்தோம். இடது சக்கரம் மட்டும் தள்ளுவதால் வண்டி வலதுபக்கம், அதாவது நடுரோட்டை நோக்கி, லேசாக ஒதுங்கியது. எனக்குத் திக்கென்றது. அப்புறம் பழக்கத்தில் வலது கை தானாகவே கிராங்கைச் சுற்ற ஆரம்பித்ததும் வண்டி நேராகிவிட்டது. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அது. பாலத்தின் உச்சிக்கு வந்து நின்றபோது எனக்கு மூச்சு வாங்கவில்லை. கீழே ரயில் போய்க்கொண்டிருந்தது. எத்தனை வருடம் கழித்து அந்தப் பாலத்தின் மேல் நின்று ரயில் பார்த்தேன் என்று எண்ணிப் பார்த்தேன் பாப்பா, ஞாபகம் வரவில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எல்லாவற்றுக்கும் பணம் அனுப்பாதே. மோட்டார், கண்ட்ரோலர், வெல்டிங், பிரேக் எல்லாம் கடை வருமானத்தில் முடிந்துவிட்டது. பேட்டரி மட்டும் நீ வாங்கிக் கொடு. ஈய பேட்டரி வேண்டாம். 24 வோல்ட் 20 ஆம்பியர் ஹவர் என்றால் இரண்டும் சேர்ந்து 13 கிலோ வரும், தினமும் பாதிக்குமேல் சார்ஜைத் தீர்த்தால் சீக்கிரம் படுத்துவிடும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வகையில் அதே அளவு ஐந்து கிலோவுக்குள்தான். மடியில் வைத்து வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் போடுவேன். லித்தியத்தில் மற்ற வகைகளைவிட இது சூட்டைத் தாங்கும். மதுரை வெயிலில் நாள் முழுக்கக் கடை வாசலில் நிற்கிற வண்டிக்கு அதுதான் எனக்கு முக்கியம். 8 செல், 25.6 வோல்ட் என்று போட்டிருக்க வேண்டும். உள்ளே பிஎம்எஸ், அதாவது பேட்டரியைப் பாதுகாக்கிற சர்க்யூட், கட்டாயம். சார்ஜர் அதற்கென்றே உள்ள 29.2 வோல்ட் சார்ஜராக இருக்கட்டும், ஈய பேட்டரி சார்ஜரைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதே. மாப்பிள்ளையிடம் இந்தப் பத்தியைக் காட்டு, அவர் பார்த்துக்கொள்வார்.

எனக்கு ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் கிடையாது. இந்த பேட்டரியை இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை சார்ஜ் போட்டால் போதும்.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், அடுத்த வாரம் பார்சலில் வரும். பேட்டரி பார்சலைக் கடை விலாசத்துக்கு அனுப்பு. பகலில் வீட்டில் யாரும் இருப்பதில்லை.

அன்புடன்,
அப்பா