டோடோ எலும்பைக் காலால் தேடியவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் பக்கத்தில் வரும் வரலாற்று விந்தைகளை எங்கள் கோவில் தமிழ் வகுப்பில் வாசித்துக் காட்டுவது வழக்கம். எகிப்தில் பூனைக்கும் மம்மி செய்தார்கள் என்றால் பிள்ளைகள் வாயைப் பிளக்கிறார்கள். சரி, நல்லதுதான். ஆனால் சென்ற இதழில் நம் மொரீஷியஸ் தீவில் வாழ்ந்த டோடோ பறவைக்கு இரண்டே வரி. அதிலும் 'முட்டாள் பறவை, அதனால் அழிந்தது' என்று போட்டுவிட்டீர்கள். பாவம், அது தரையில் முட்டையிட்டது. கப்பலில் வந்திறங்கிய எலியும் பன்றியும் குரங்கும் முட்டையைத் தின்றன. டச்சுக்காரர்கள் 1598இல் வந்தார்கள். அடுத்த நூறு வருடத்துக்குள் டோடோவின் கதை முடிந்தது. அது புறாவுக்குச் சொந்தம் என்றால் என் மாணவர்கள் நம்பவே மறுக்கிறார்கள். அதை எழுதியிருக்கலாமே!

இதைவிடச் சுவையான சங்கதி ஒன்று உண்டு. நம் தீவின் மாயேபூர் ஊரில் ஜார்ஜ் கிளார்க் என்று ஒரு பள்ளி ஆசிரியர் இருந்தார். டோடோ எலும்பு கிடைக்காதா என்று பல வருடம் தேடியவர். 1865இல், இன்றைய விமான நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள மார்-ஓ-சோஞ்ச் சதுப்பில் ஆமை எலும்புகள் அகப்பட்டதாகக் கேள்விப்பட்டு அங்கே போனார். கூலியாட்களைத் தண்ணீரில் இறக்கி, அடியில் இருந்த சேற்றைக் காலாலேயே துழாவச் சொன்னார். பாதத்தில் தட்டுப்பட்டதை எடுத்துப் பார்த்தால் டோடோவின் கால் எலும்பு! இன்று உலக அருங்காட்சியகங்களில் நிற்கும் டோடோ எலும்புக்கூடுகளில் பெரும்பாலானவை அந்தச் சேற்றிலிருந்து போனவைதான். இதைச் சொன்ன அன்று வகுப்பில் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையைத் துழாவ ஆரம்பித்துவிட்டார்கள். பாடம் நடந்த மாதிரிதான்.

அப்புறம், அதே மாயேபூரில் வரலாற்று அருங்காட்சியகமாக இருக்கும் பழைய வீடு. 1810 ஆகஸ்டில் கிராண்ட் போர்ட் கடற்போரில் மோதிக்கொண்ட பிரெஞ்சுத் தளபதி துப்பெர்ரேயும் ஆங்கிலேயத் தளபதி வில்லோபியும் காயம்பட்டு, இந்த ஒரே வீட்டில்தான் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். "உள்ளேயும் சண்டை போட்டார்களா?" என்று ஒரு வாண்டு கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

நம் மொரீஷியஸ் 100 ரூபாய் நோட்டில் இருப்பவர் நம் தீவின் அரசியல் தலைவர் ரங்கநாதன் சீனிவாசன் என்பதும், அதே நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதும்கூடப் பல பிள்ளைகளுக்குப் புதுச் செய்தி.

ஆகவே அடுத்த சில இதழ்களுக்கு எகிப்தை ஒத்திவைத்துவிட்டு நம் தீவுக்கு இடம் கொடுங்கள். எழுத்தையும் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுத்துக்கூட்டி வாசிப்பவர்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழ் ஆசிரியை,
ரோஸ் ஹில், மொரீஷியஸ்