படகில் வந்த மூன்றாவது ஆள்

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று நீ போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. "நூங்கார்னு ஆஸ்திரேலியாவோட இந்தப் பக்கத்துப் பூர்வகுடி மக்களோட வரலாற்றை நாலாம் வகுப்புக்குக் கதையாச் சொல்லணுமாம். நான் வெள்ளைக்காரியும் இல்ல, அந்த மண்ணுக்காரியும் இல்ல. எனக்கு என்னம்மா தகுதி?" என்று கேட்டாய். வாயில் எனக்கு உடனே பதில் வராது, தெரியுமே. அதனால் எழுதுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில், உன் பள்ளிக் கேன்டீனில் என் தோசைக் கடைக்கு அடுத்த கடை மக்சிக்கை, நாமெல்லாம் அப்படிக் கூப்பிடும் அந்த மலாய்ப் பெரியம்மாவை, ஞாபகம் இருக்கிறதா? மீ சோத்தோ, அந்தக் கோழி நூடுல்ஸ் சூப், விற்பாரே. அவர் பிறந்தது செமாக்காவ் தீவில். பாட்டி ஓராங் லாவுட், படகிலேயே வாழ்ந்த கடல் மக்கள். 1970களில் தீவுக்காரர்களை இங்கே குடியேற்றியபோது தெலுக் பிளாங்காவில் பத்தாவது மாடியில் வீடு கிடைத்ததாம். "முதல் வாரம் தலை சுற்றியது, தரை ஆடவே இல்லையே" என்று சிரிப்பார். அவர் ஊர் இருந்த அந்தத் தீவுக்குத்தான் 1999லிருந்து நம் குப்பையை எரித்த சாம்பல் போகிறது. நான் புளோக்கின் குப்பைக் குழாயில் போடும் பையும் அதில் உண்டு.

இடைவேளை முடியும் மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது அவர் கதையை ஆரம்பிப்பார். கடலிலிருந்து தோடாக் என்ற நீள மூக்கு மீன்கள் கூட்டமாகப் பாய்ந்து கரையில் இருப்பவர்களைக் குத்துகின்றன. ராஜா வீரர்களின் கால்களையே வேலியாக நிறுத்துகிறார். ஒரு சின்னப் பையன் வந்து, மனிதர் எதற்கு, வாழைமரத்தை வெட்டி நிறுத்துங்கள் என்கிறான். இந்த இடத்தில் மக்சிக் ஒரு சாத்தே குச்சியை எடுத்து, சோற்றுக்கட்டியில் சடக்கென்று குத்துவார். குச்சி உள்ளே போய்ச் சிக்கிக்கொள்ளும். "பார், மீனோட மூக்கு இப்படித்தான் மாட்டிக்கிட்டது!" இருபது பிள்ளைகளும் வாயைப் பிளந்து நிற்பீர்கள். அப்புறம் குரலைத் தணித்துக்கொள்வார். இவ்வளவு புத்திசாலிப் பையன் வளர்ந்தால் ஆபத்து என்று ராஜாவின் காதில் ஓதுகிறார்கள். பையனைக் கொன்றுவிடுகிறார்கள். ரத்தம் வழிந்து குன்றே சிவந்துபோகிறது. "அதுதான் புக்கிட் மேரா, சிவப்புக் குன்று. நீங்கள் பஸ் ஏறுகிற இடம்."

அன்று பஸ் ஸ்டாப்பில் காலை வைக்க மாட்டேன் என்று நீ அடம்பிடித்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு ஏறினேன். அதே வருடம் பாடப்புத்தகத்தில் "மீனவக் கிராமம்", "1819இல் ஆங்கிலேயர் ராஃபிள்ஸ் வந்தார்" என்பதையெல்லாம் மனப்பாடம் செய்து நன்றாகத்தான் ஒப்பித்தாய். பரீட்சை முடிந்த மறுநாளே அதெல்லாம் போய்விட்டது.

மக்சிக்கிடம் ஒரு கண்டிப்பு உண்டு. கதையை வேறு யாரிடம் சொன்னாலும், "இது மக்சிக்குக்கு அவர் பாட்டி சொன்னது" என்ற வரியோடுதான் தொடங்க வேண்டும். ஒருமுறை நீ அதை விட்டுவிட்டுத் தொடங்கியபோது நிறுத்திவிட்டார். எனக்குக்கூட அன்று கொஞ்சம் கோபம், சின்னப் பிள்ளையிடம் போய் இவ்வளவு கறாரா என்று.

கடையை விட்ட பிறகு நூலகத்தில் ஒன்று படித்தேன். வா ஹக்கீம் என்ற ஓராங் லாவுட் பெரியவர் சொன்னது அது. ராஃபிள்ஸ் கரையிறங்கியதைப் பையனாக நின்று நேரில் பார்த்திருக்கிறார். முதுமையில் அவர் சொன்னது 1882இல் அச்சானது. ராஃபிள்ஸ் குள்ளம், கூட வந்த ஃபர்குவார் அவரைவிட உயரம், உள்ளூர்த் தலைவரான தெமெங்கோங் அவர்களுக்கு ரம்புத்தான் கொடுத்து உபசரித்தார். இதெல்லாம் அதில் இருக்கிறது. சிலையாகப் பார்த்துப் பழகிய மனிதரைக் கரையிலிருந்து ஒரு பையன் "குள்ளம்" என்று பார்த்திருக்கிறான்! நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஆனால் அதற்கு முந்தைய வரியில்தான் நின்றுபோனேன். படகில் இரண்டு வெள்ளைக்காரர்கள், ஒரு சிப்பாய். சிப்பாயின் கையில் துப்பாக்கி. அவனுக்குப் பெயர் எழுதவில்லை. தமிழனோ வேறு யாரோ, நம்மைப்போல் இந்தியாவிலிருந்து கப்பலேறியவன்.

கயல், நீ கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் அவன்தான். நாம் கரையில் நின்றவர்களும் இல்லை, கொடி நட்டவர்களும் இல்லை. ஆனால் அந்தப் படகில் நாமும் இருந்தோம். நீ நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. நூங்கார் மக்களின் கதையை உன் கதைபோல எடுத்துச் சொல்லாதே. வாகில் பாம்பு உங்கள் ஊர் ஆற்றை உண்டாக்கிய கதையை அவர்களில் ஒரு பெரியவரை வகுப்புக்கு அழைத்துச் சொல்லச் சொல். மரியாதையாகக் கேள், வந்தால் கையில் ஏதாவது கொடுத்தனுப்பு, சும்மா அனுப்பாதே. உனக்கென்று சொல்ல வேறு ஒன்று இருக்கிறது.

உங்கள் ஊர்க் கரைக்கு எதிரே இருக்கும் ராட்னெஸ்ட் தீவில் நான் குவோக்கா என்ற அந்தக் குட்டி விலங்கோடு எடுத்த போட்டோவைச் சொல்கிறேன். பல்லைக் காட்டிக்கொண்டு எடுத்து, மொத்தச் சொந்தத்துக்கும் அனுப்பினேன். ஊர் திரும்பிய பிறகுதான் நீ சொன்னாய், நூங்கார் மொழியில் அந்தத் தீவின் பெயர் வாஜெமப் என்று. 1838 முதல் 1931 வரை அந்த மண்ணின் ஆண்களையும் பையன்களையும், ஏறக்குறைய 4,000 பேரை, அங்கே சிறை வைத்தார்கள் என்றும் சொன்னாய். 370 பேருக்கு மேல் அங்கேயே செத்திருக்கிறார்கள். புதைத்த இடத்தின் மேல் பிற்பாடு ஜனங்கள் கூடாரம் அடித்து விடுமுறை கழித்திருக்கிறார்கள். அந்தப் போட்டோவைப் பிள்ளைகளிடம் காட்டு. "இது என் அம்மா, இவருக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது" என்று ஆரம்பி. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

இன்று காலை மக்சிக்கைப் புளோக்கின் கீழ்த்தளத்தில் பார்த்தேன். முட்டி வலி, கைத்தடி வந்துவிட்டது. உன்னைப் பற்றிச் சொன்னதும், பஸ் ஸ்டாப்பில் இன்னமும் பயமா என்று விசாரித்தார். உங்கள் ஊர்க் கடலிலும் நீள மூக்கு மீன் உண்டா என்று கேட்கிறார். தெரிந்தால் எழுது, சொல்லிவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா