வசனத்துக்கு முன்னால் நாட்காட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

கூடப் படித்த நாலு சிநேகிதிகள். ஒருத்தி கலியாணம் கட்டிவிட்டாள், ஒருத்தி கைப்பிள்ளைக்காரி, ஒருத்திக்கு மன்னாருக்கு இடமாற்றம், ஒருத்தி சொந்தமாகத் தொழில் தொடங்கப் பார்க்கிறாள். இப்படியொரு தொலைக்காட்சி நாடகத்தைத் திருகோணமலையில் வைத்து எழுத ஆசைப்படும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன். முதல் வசனத்தை எழுதுமுன் ஒரு நாட்காட்டி போடுங்கள். நடிப்பு நன்றாக இருந்தும் இந்த வகை நாடகங்கள் பொய்யாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் நாள் கணக்குப் பிழைப்பதே காரணம்.

பெரிய கடதாசியில் மேலே பன்னிரண்டு மாதம், இடப்பக்கம் நாலு பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் வேலை நேரம், கைக்கு வரும் சம்பளம், கடன் தவணை, பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பவற்றைக் குறியுங்கள். கைப்பிள்ளைக்குத் தனி வரி, அதுவும் கிழமைக் கணக்கில். இந்த வரி இல்லாத பிரதியில் ஐந்தாம் அத்தியாயத்தில் பிறந்த பிள்ளை ஏழாம் அத்தியாயத்தில் எழும்பி இருக்கும். முகம் பார்த்துச் சிரிக்க 6 முதல் 8 கிழமை, கழுத்து நிற்க 3, 4 மாதம், யாரும் பிடிக்காமல் தானாக உட்கார்ந்திருக்க 6 முதல் 8 மாதம் செல்லும். பிள்ளை பெற்ற எந்தத் தாயும் இதைத் திரையில் உடனே கண்டுபிடித்துவிடுவாள்; அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டாள்.

பிரசவ லீவுதான் கதையின் முதுகெலும்பு. அரச ஊழியருக்கு முழுச் சம்பளத்துடன் 84 வேலை நாள். சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை), அரச விடுமுறை எதுவும் இதில் சேராது என்பதால் நாலு மாதத்தைத் தாண்டும். அதன்பின் விரும்பினால் 84 நாள் அரைச் சம்பளத்தில், இன்னும் 84 நாள் சம்பளமில்லாமல். தனியார் கடை, கந்தோர்களிலும் 84 நாள்தான்: பிரசவத்துக்கு முன் 14, பின் 70. விடுமுறை நாட்கள் இங்கும் சேராது. 2018 சட்டத் திருத்தத்துக்கு முன் இரண்டு பிள்ளைகள் உள்ள தாய்க்கு 42 நாளே கிடைத்தது. இப்போது எத்தனையாவது பிள்ளைக்கும் 84. ஆனால் அரைச் சம்பள நீடிப்பு தனியாருக்குச் சட்டத்தில் இல்லை. அரச ஊழியரான தந்தைக்கு மூன்றே நாள், தனியார் துறைத் தந்தைக்குச் சட்டப்படி ஒன்றுமேயில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். கைப்பிள்ளைக்காரி தனியார் வங்கியில் வேலை செய்கிறாள் என்று வையுங்கள். அவள் வேலைக்குத் திரும்பிப் போகும்போது பிள்ளைக்கு ஏறக்குறைய மூன்றரை மாதம். தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டியதோ ஆறு மாதம். இடையிலுள்ள இரண்டரை மாதத்தில்தான் நாடகம் இருக்கிறது. வில்லி மாமியாரைத் தேடி அலையத் தேவையில்லை. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையுள்ள தாய்க்கு ஒன்பது மணித்தியால வேலையில் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. வேலைத்தளத்தில் பிள்ளை பராமரிப்பிடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி. வீடு உப்புவெளியில் என்றால் ஸ்கூட்டியில் போய் வரலாம். நிலாவெளியில் என்றால் அந்த ஒரு மணி பஸ்ஸிலேயே கரைந்துவிடும். அவளுக்கு எந்த ஊரில் வீடு என்பதை இதை யோசித்துத் தீர்மானியுங்கள்.

ஆகவே பாலைப் பிழிந்தெடுத்து வைத்துவிட்டுப் போகிறாள். 25 பாகை வெப்பத்தில் அது 4 மணித்தியாலம் தாங்கும். நம் ஊர்க் குசினியின் ஆடி மாத வெக்கையில் அதை நம்ப முடியாது. குளிர்சாதனப் பெட்டியின் உட்பக்கத்தில் 4 நாள் இருக்கும், கதவுத் தட்டில் வைக்கக் கூடாது. கொடுக்கும்போது சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் வைத்து இளஞ்சூடாக்கிச் சிறு கோப்பையால் பருக்க வேண்டும். பேரப்பிள்ளைமேல் உயிரையே வைத்திருக்கும் மாமி அதை அடுப்பில் ஏற்றிக் காய்ச்சிவிடுகிறார். பாலிலுள்ள நோயெதிர்ப்புச் சத்துக் கெட்டுவிடுகிறது. இருவர் பக்கமும் அன்பு இருக்கிறது, இருவர் பக்கமும் கோபமும் இருக்கிறது. ஒரு சட்டி, ஒரு கோப்பை, ஒரு காட்சி.

தொழில் தொடங்குபவளின் கதை நொத்தாரிசு மேசையில் திரும்ப வேண்டும். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமைக்குட்பட்ட மனைவி தன் காணியை விற்கவோ ஈடு வைக்கவோ 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத்துப் பெண், அதற்குட்படாத திருகோணமலைக்காரரைக் கட்டினால் அந்த மணவாழ்வு நீடிக்கும்வரை அந்தச் சட்டம் அவளைக் கட்டுப்படுத்தாது. மறுவளமாக, உட்படாத பெண் உட்பட்டவரைக் கட்டினால் அவளையும் கட்டுப்படுத்தும். இரண்டு சிநேகிதிகளை இந்த இரண்டு விதமாகக் கட்டிக்கொடுங்கள். ஒரே கந்தோரில் ஒருத்தி தனியாகக் கையெழுத்து வைத்து எழும்புவாள், மற்றவள் கணவனுக்குக் காத்திருப்பாள்.

1987 முதல் 1991 வரை அமெரிக்க ஏபிசி அலைவரிசையில் 85 அத்தியாயம் ஓடிய ‘தேர்ட்டிசம்திங்’ இந்த வகைக்கு நல்ல பாடம். பிலடெல்பியாவில் ஏழு நண்பர்கள். இருவர் சேர்ந்து நடத்தும் விளம்பர நிறுவனம் முறிந்துபோக, அந்த முறிவு வீடுகளுக்குள்ளும் வருகிறது. தொழிலும் வீடும் அங்கே ஒரே கணக்கேட்டில் இருக்கின்றன.

அரை மணி நேர இடத்தில் விளம்பரம் போக 22 நிமிடமளவில் மிஞ்சும். அதற்கு 10, 12 காட்சி போதும். நாலு பேரின் சிக்கலையும் ஒரே அத்தியாயத்தில் திணித்தால் ஆளுக்கு ஐந்து நிமிடம்தான் வரும், ஒன்றும் ஊறாது. இருவருக்கு முக்கால் பங்கு, மூன்றாமவளுக்கு இரண்டு காட்சி, நாலாமவள் தொலைபேசியில் வந்தால் போதும். அடுத்த கிழமை மாற்றுங்கள். பேச்சு நம் ஊர்ப் பேச்சாக இருக்கட்டும். “வாறன் மச்சாள்” என்று வாழும் பெண்ணைச் சென்னைத் தமிழ் பேசவைக்க வேண்டாம்.

நாட்காட்டியின் அடியில் காற்றுக்கும் மழைக்கும் ஒரு வரி விடுங்கள். ஆனி, ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று அடிக்கும்போது உறை போடாத மைக்கில் வசனம் கேட்காது. சேலைக்குள் குத்தும் சிறு மைக்கில் பட்டு உரசும், பருத்தி அவ்வளவு உரசாது. வெளிக்காட்சிகளைப் பங்குனிக்கு ஒதுக்கி, கச்சானில் வீட்டுக்குள் எடுங்கள். தடுப்பூசி 2, 4, 6 மாதங்களில் வரும். நாலாம் மாத ஊசிக்குக் கிளினிக் வாசலில் மார்கழி மழை வேண்டுமென்றால் பிள்ளை ஆவணியில் பிறந்திருக்க வேண்டும். அப்படியானால் அவள் வேலைக்குத் திரும்பும் முதல் நாளும் மழைக்குள்தான் வரும். அன்று குடையும் பிள்ளையின் பையும் யார் கையில் என்பதையும் அந்தக் கட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாடகப் பிரதிகளில் ஈடுபாடுள்ள வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை